மதுரை ஸ்டேஷனில் ஒரு செம்புத் தண்ணீர்

என் பெண்டாட்டியை வெறிநாய் கடித்துப் பதினெட்டாம் நாள்தான் அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதினேழு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பீர்கள். பச்சிலை வைத்துக் கட்டினோம். நாய்க்கடிக்கு ஊசி என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். ஐந்தாம் பாரம் வரை படித்தவன், ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். இருந்தும் வீட்டில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு கிடந்தேன்.

நாங்கள் மார்க்கையன்கோட்டை. அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். நடவு வயலுக்குக் கஞ்சி கொண்டு போனவளை வாய்க்கால் கரையில் ஒரு செவலை நாய் கெண்டைக்காலில் கவ்விவிட்டது. போகிற போக்கில் எங்கள் கன்றுக்குட்டியையும் ஒரு பிடி பிடித்தது. அவள் காலில் புண் ஆறி வந்தது. நாங்களும் ஆறிவிட்டோம். பதினாலாம் நாள் கன்றுக்குட்டி வாயில் நுரை தள்ளி, தொழுவத்துச் சுவரை முட்டி முட்டிச் செத்தது. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புத்தி வந்தது. மதுரையில் மில் வேலை பார்க்கும் என் தாய்மாமனுக்குக் கார்டு போட்டேன்.

பச்சிலை கட்டியவர் கன்று செத்த அன்றே கையை விரித்துவிட்டார். வாசலில் நின்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"தண்ணியக் கண்டு மெரளாத வரைக்கும் பயமில்லப்பா. மெரண்டுட்டா பெரியாஸ்பத்திரிக்குப் போயும் புண்ணியமில்ல. கூட்டியாந்து வீட்டோட வச்சுக்க."

அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு வண்டிக்காரருக்கு அது வந்தது. அவரைத் தொழுவத்துக் கல்தூணில் கட்டிப்போட்டிருந்தார்கள். தாகம் தாகம் என்று கத்துவார். செம்பைக் கிட்டே கொண்டுபோனால் உடம்பெல்லாம் உதறும், தொண்டை இழுத்துக்கொள்ளும், செம்பைத் தட்டிவிட்டு ஊளையிடுவார். மூன்றாம் நாள் செத்தார். அவரைக் கட்டிய கயிற்றைக்கூட எரித்துவிட்டார்கள். அந்தக் கயிறு எரிந்த நாற்றம் இதை எழுதும்போதும் எனக்கு வருகிறது.

மாமனின் பதில் கார்டில் நாலே வரி. ஆஸ்பத்திரியில் தெரிந்த ஆள் இருக்கிறார், ஒன்றும் பயமில்லை, மதுரை ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்புக் கூடத்தில் உட்கார், மில் விட்டு நாலரைக்கு வருகிறேன், அதுவரை நகராதே. நான் அந்தக் கடைசி வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு நானே வழி கேட்டுப் போயிருக்கலாம். வாய் இருந்தது, ஜட்கா இருந்தது. ஆனால் மதுரை என்றால் எனக்குள் ஒரு நடுக்கம். படித்தவனுக்கு நடுக்கம் வந்தால் அதற்கு ஒழுங்கு என்று பேர் வைத்துக்கொள்வான்.

விடிந்ததும் சின்னமனூர் வந்து பஸ் ஏறினோம். ஏறும் முன் அவளிடம் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். தேனியில் ரயில் ஏறும் முன் கேட்டேன், வேண்டாம். அப்போதெல்லாம் அவளும் நானும் பகலில் பேசிக்கொள்வதே குறைவு. கூட்டுக் குடும்பம். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். அதனால் அவள் தலையசைப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆண்டிபட்டியில் நான் இறங்கி வேலிப்பக்கம் ஒதுங்கிவிட்டு ஓடிவந்து ஏறினேன். தண்ணீர்க்காரர் பித்தளைக் குடத்தோடு ஜன்னல் ஜன்னலாக வந்தார். எல்லோரும் கையை நீட்டிக் குடித்தார்கள். அவள் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் பச்சிலைக்காரர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. உசிலம்பட்டியில் மறுபடி இறங்கினேன், வேலிப்பக்கம் போனேன், வரும்போது ஒரு செம்பு மோர் வாங்கி வந்து நீட்டினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் உதடு வெடித்துக் கிடந்தது. மோரைப் பார்த்தாள், எச்சிலை விழுங்கினாள், வேண்டாம் என்றாள். மோரை நானே குடித்தேன். என்ன ருசி என்றே தெரியவில்லை.

மதுரை ஸ்டேஷனில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. எங்கள் தேனி ஸ்டேஷனை இருபது முப்பது அடுக்கினாலும் அந்த இடம் நிறையாது. அவள் பயந்துவிடக்கூடாது என்று, பயத்தில் இருந்த நான், ஒவ்வொரு பலகையாக வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். இது டிக்கெட் கொடுக்கும் இடம். இது தந்தி ஆபீஸ். இது சாமான் வைத்துவிட்டுப் போகிற அறை. இது முதல் வகுப்புக்காரர்கள் தங்குகிற இடம், உள்ளே காற்றுக்குப் பங்கா இருக்கும். இது சைவச் சாப்பாடு, அது அசைவம். ஆளை நிறுத்துப் பார்க்கிற மிஷின் இது. இங்கே எச்சில் துப்பக்கூடாது என்று போட்டிருக்கிறது. அவள் என்றுமில்லாத கவனத்தோடு கேட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு பலகைக்கும் என் முகத்தைப் பார்த்தாள். பிளாட்பாரக் கோடியில் சுவரோடு ஒரு பலகை இருந்தது. அது பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டுகிற பலகை இல்லை என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளைக் கூடத்துக்கு அழைத்து வந்துவிட்டேன்.

மூன்றாம் வகுப்புக் கூடம் நிறைய ஜனம். மூட்டை, பாய், அண்டா, தூங்குகிற பிள்ளைகள். ராமேஸ்வரம் போகிற கூட்டம் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒரு பெஞ்சின் ஓரம் அவளுக்குக் கிடைத்தது. நான் கீழே துண்டை விரித்து உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் பெரிய பெரிய படம் ஒட்டியிருந்தார்கள், ரயிலேறிப் போய்ப் பார்க்கவேண்டிய இடங்கள் என்று. கோயில் கோபுரம் ஒன்று, மகாலின் தூண்கள் ஒன்று. மூன்றாவது படம் குற்றாலத்து அருவி. வெள்ளையாக, சுவரின் பாதிக்கு, மேலிருந்து கீழே கொட்டுகிறது.

அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் அதைப் பார்த்துவிட்டேன். படத்தில் இருக்கிற தண்ணீருக்கே இப்படியா? இனிமேல் அவளைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். வேறெதையும் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு நடந்தது ஒவ்வொன்றும் பச்சிலைக்காரர் சொன்னதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டே வந்தது. கூடத்துக்கு நேரே ஒரு இன்ஜின் வந்து நின்றது. இரும்புக் குழாயைத் திருப்பி அதற்குத் தண்ணீர் விட்டார்கள். வாய்க்கால் மடையைத் திறந்ததுபோல் ஓவென்று சத்தம். அவள் கண்ணை இறுக்கி மூடி, காலை ஒன்றோடொன்று ஒடுக்கி, பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. உடம்பு லேசாக நடுங்கியது. இன்ஜின் போன பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

கூடத்து ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். யாரோ பாதி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் வாயைத் திறந்தாள். அன்று அவளாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அந்தக் கொழாய மூடிட்டு வாங்களேன். சத்தம் தாங்கல."

எழுந்து போய் மூடினேன். மூடிய கை குழாயை விட்டு வரவில்லை. அப்படியே நின்றேன். எட்டு மாதத்தில் அவளுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுக்கவில்லை, ஒரு நாள் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டதில்லை. இப்போது எந்தத் தூணில் கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சத்தியமாக யோசித்தேன். எங்கள் தொழுவத்தில் கல்தூண் இல்லை, மரத்தூண்தான், தாங்குமா என்றுகூட யோசித்தேன். மனுஷன் மனசு அப்படியெல்லாம் போகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ராமேஸ்வரக் கூட்டத்தில் வாட்டசாட்டமான ஒருவர் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பொழுது போகாத மனுஷர். எதுக்குத் தம்பி இங்கேயே முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், பத்து நிமிஷம் நடந்தால் கோயில், அந்தப் பக்கம் மகால், நாங்கள் எல்லாம் பார்த்துவிட்டு வந்தோம், மதுரைக்கு வந்து மீனாட்சியைப் பார்க்காமல் போவார்களா என்று ஆரம்பித்தார். பொற்றாமரைக் குளத்தில் காலை நனைத்துவிட்டு உட்கார்ந்தால் எந்தக் கவலையும் போய்விடுமாம். குளம் என்றதும் நான் அவரை அடித்துவிடுவேன் போலிருந்தது. வெளியே பார்த்தேன். கூரைகளுக்கு மேலே மேற்குக் கோபுரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான், ஆத்தா, இவளை விட்டுவிடு, என்னை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று வேண்டினேன். வேண்டிய கையோடு, எடுத்துக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்றும் பயந்தேன்.

மணி மூன்று. மாமன் வர இன்னும் ஒன்றரை மணி நேரம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெரிந்துவிட வேண்டும், இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிட வேண்டும். செம்பை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் நிறையப் பிடித்தேன். அவள் முன்னால் போய் நின்றேன்.

"இதக் குடி."

தலையசைத்தாள்.

"ஒரு மடக்காவது குடி. காலையிலிருந்து ஒரு சொட்டு உள்ள போகல."

"வேண்டாங்க. கும்புடுறேன்."

செம்பை அவள் வாயருகில் கொண்டுபோனேன். தலையைத் திருப்பினாள். இன்னொரு கையால் அவள் தாடையைப் பிடித்தேன். நான் செய்ததை மறைக்கப்போவதில்லை, அப்படித்தான் பிடித்தேன். அவள் இரண்டு கையாலும் செம்பைத் தட்டிவிட்டாள். தண்ணீர் அவள் மடியெல்லாம் கொட்டியது. செம்பு கல்தரையில் உருண்டு போயிற்று. அவள் குனிந்து சுருண்டு, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டு அழுதாள். எனக்கு அது அழுகையாகக் கேட்கவில்லை.

நான் கத்திவிட்டேன். ஐயோ, தண்ணியைக் கண்டு மிரளுறாளே, நாய்க்கடி ஏறிடுச்சே என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கூசுகிறது. நாய்க்கடி என்ற சொல் காதில் விழுந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். தாய்மார் பிள்ளைகளை வாரிக்கொண்டார்கள். ஒரு நொடியில் அவளைச் சுற்றிப் பத்தடி வெற்றுத் தரை. நடுவில் நனைந்த சேலையோடு அவள், பக்கத்தில் நான். குளத்தில் காலை நனைக்கச் சொன்ன அதே மனுஷர் கயிறு இருக்கிறதா என்று தன் கூட்டத்தாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மூட்டையிலிருந்து ஒருவர் கயிற்றை அவிழ்ப்பது எனக்குத் தெரிந்தது. அவளும் அந்தக் கயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது கூட்டம் இன்னொரு பக்கமும் விலகியது. கையில் துடைப்பத்தோடு ஒரு நடுவயது அம்மாள் வந்தாள், ஸ்டேஷனில் பெண்கள் பக்கத்தைக் கூட்டிக் கழுவுகிறவள். அவளுக்கு ஜனம் விலகியது வேறு காரணத்துக்காக. அவள் யாரையும் பார்க்கவில்லை. துடைப்பத்தைத் தூணில் சாத்தினாள். நேரே போய் என் பெண்டாட்டியின் பக்கத்தில் குந்தி, தோளைத் தொட்டு, காதில் ஏதோ ஒன்று கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். என் பெண்டாட்டி முகத்தை மூடிக்கொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அந்த அம்மாள் கயிறு வைத்திருந்தவரைப் பார்த்து, அத மூட்டையில கட்டு சாமி என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"நாயும் இல்ல பேயும் இல்ல. காலையில இருந்து அடக்கிக்கிட்டுக் கெடக்கு பிள்ள. பொம்பளையக் கூட்டியாந்தவுக மொதல்ல எடம் எங்கன இருக்குன்னு காட்ட வேணாமா?"

கையைப் பிடித்து எழுப்பி அழைத்துக்கொண்டு போனாள். என் பெண்டாட்டியால் நேராக நடக்க முடியவில்லை. குனிந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். பிளாட்பாரக் கோடியில், நான் படிக்காமல் விட்ட பலகைக்குக் கீழே இரண்டு பேரும் திரும்பினார்கள். பெண்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையை வாய்விட்டுப் படிக்கத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அவள் நிமிர்ந்து நடந்து வந்தாள். உருண்டு கிடந்த செம்பை அவளே எடுத்தாள். குழாயடிக்குப் போய்த் திறந்து, பிடித்து, அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டாம் செம்பு பிடித்தாள், குடித்தாள். மூன்றாம் செம்பில் பாதியைக் குடித்துவிட்டு மீதியில் முகத்தைக் கழுவினாள். நான் அத்தனை ஜனத்துக்கு நடுவில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மாளுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று தோன்றித் திரும்பினால் தூணில் துடைப்பமும் இல்லை, அவளும் இல்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது என்றாள். ரயிலில் உங்களை மாதிரி இறங்கி வேலிப்பக்கம் போகமுடியுமா, அதனால்தான் காலையிலிருந்தே வாயை நனைக்கவில்லை என்றாள். பலகையெல்லாம் படித்தீர்களே, அதில் இது வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாலரைக்கு மாமன் வந்தார். மறுநாள் காலையிலிருந்து தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்த சத்திரத்தில் தங்கினோம். ஊசி போட்ட இடம் கல்லாக வீங்கும். அந்தப் பதினாலு நாளும் காலையில் எழுந்ததும் அவள் முதல் செம்பைக் குடிக்கும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடைசி ஊசி அன்று கோயிலுக்குப் போனோம். குளத்துப் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டாள். கன்றுக்கு வந்தது அவளுக்கு வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஆண்கள் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். கோயில் பார்த்தாயா, மகால் பார்த்தாயா, தெப்பக்குளம் நிறைந்திருக்கிறதா என்று கேட்டார்கள். நான் அளந்து விட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படியில் என் அம்மா என் பெண்டாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை, மீனாட்சியைப் பற்றியும் கேட்கவில்லை.

"டேசன்ல பொம்பளைக ஒதுங்க எடம் இருக்காத்தா?"

"இருக்கு அத்தை. கதவோட இருக்கு."

"கதவோடயா?" என்று அம்மா கேட்டாள்.

எங்கள் பக்கம் ரயில் விட்ட நாளிலிருந்து நான் அம்மாவை மதுரைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். ஒவ்வொரு தடவையும் எனக்கெதுக்குடா என்று சொல்லிவிடுவாள். இருந்த இடத்தை விட்டு அசையாத ஜென்மம் என்று நான் கேலி பேசியிருக்கிறேன். அவள் எங்கள் பள்ளத்தாக்கைத் தாண்டியதே இல்லை. அந்த வாரம் அவளாகவே என்னிடம் வந்து, மீனாட்சி ஆத்தாள ஒருக்காப் பாத்துட்டு வரலாம்ப்பா என்றாள். நான் அறுப்பு முடியட்டும் என்றேன். அறுப்பு முடிந்ததும் உழவு. அப்புறம் என் பிள்ளை பிறந்தான். அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று பல வருஷம் போயிற்று. யுத்தம் வந்தது. தண்டவாளத்து இரும்பு யுத்தத்துக்கு வேண்டும் என்று எங்கள் ரயில் பாதையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தேனியில் கட்டைகள் மட்டும் வரிசையாகக் கிடந்ததை நான் போய்ப் பார்த்தேன். பஸ்ஸில் போகலாமே அம்மா என்றேன். பஸ்ஸுக்காரன் நடுவழியில எங்கனப்பா நிறுத்துவான் என்று கேட்டாள். அந்தக் கேள்வி இப்போது எனக்குப் புரிந்தது.

மறுபடி ரயில் வருமுன் அம்மா போய்விட்டாள். மதுரையைப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்க்கிறேன். வண்டி கட்டிக் கல்யாணத்துக்குப் போனபோது, வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனபோது, நான் எத்தனை தடவை அவளிடம் செம்பை நீட்டியிருப்பேன். வேண்டாம்ப்பா, தாகமில்ல என்பாள். வெடித்த உதட்டோடுதான் சொல்வாள். அவளை எந்த நாயும் கடித்திருக்கவில்லை. அதனால் நான் ஏன் என்று கேட்டதே இல்லை.